சக்கர நாற்காலியும் தோல் நிறமும்: மறைமுகச் சார்பை அளக்க ஐஏடி அமைக்கும் முறை

இனச் சார்புக்கு ஒரு சோதனை, உடற்குறைச் சார்புக்கு ஒரு சோதனை என்று வைத்து இரண்டையும் கூட்டினால், சக்கர நாற்காலியில் வரும் கறுப்பினப் பெண் சந்திக்கும் சார்பு கிடைத்துவிடாது. இரண்டு பாகுபாடுகள் குறுக்கிடும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இலேயே எழுதினார். அமெரிக்கப் பங்கேற்பாளர்களை வைத்து அதை அளக்கும் வழி இது. ஐஏடி என்பது மறைமுகத் தொடர்புச் சோதனை (Implicit Association Test): படங்களையும் சொற்களையும் இடது, வலது விசைகளால் வகை பிரிக்கும் வேகத்தை வைத்து, மனத்தில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது.

1. படங்கள்

பெரும்பாலான சோதனைகள் கெடுவது இங்கேதான். முகம் மட்டும் உள்ள படங்களை ஒரு பக்கமும் முழு உருவப் படங்களை மறுபக்கமும் வைத்தால், மூளை படத்தின் அளவை வைத்தே பிரித்துவிடும். ஆய்வுக்கான முகப் படங்கள் கொண்ட சிகாகோ முகத் தொகுப்பு தரமானது. ஆனால் அதில் நாற்காலி தெரியாது. நீங்களே எடுங்கள். 6 கறுப்பினத்தவர், 6 வெள்ளையர், ஒவ்வொன்றிலும் பாதிப் பேர் பெண்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு படம்: ஒன்று சாதாரண நாற்காலியில், ஒன்று சக்கர நாற்காலியில். அதே சட்டை, அதே சுவர், அதே முகபாவம். மொத்தம் 24.

மருத்துவமனையில் பிறர் தள்ளிச்செல்லும் கைப்பிடி நாற்காலி வேண்டாம். அது 'நோயாளி' என்று சொல்லும். முதுகுப்பகுதி தாழ்ந்த, தானே ஓட்டும் வகையை எடுங்கள். சக்கரம் தெரியும்படி எல்லாப் படங்களையும் ஒரே உயரத்தில் வெட்டுங்கள்.

2. சொற்கள்

நல்ல சொல் 8, கெட்ட சொல் 8. 'வலி', 'நோய்', 'பலவீனம்' போன்றவை கூடாது; அவை வெறுப்பை அளக்காமல், உடற்குறையோடு ஒட்டிய பொருளை அளந்துவிடும்.

தமிழில் நடத்துவோருக்கு ஒன்று: 'மாற்றுத்திறனாளி' மரியாதையான சொல், பேச்சில் அதுதான் வேண்டும். ஆனால் சோதனைத் தலைப்பாக வைத்தால் உள்ளே இருக்கும் 'திறன்' நல்ல பக்கம் இழுக்கும். 'ஊனம்' எதிர்ப்பக்கம் இழுக்கும். 'சக்கர நாற்காலி', 'சாதாரண நாற்காலி' என்றே வையுங்கள்.

3. இரண்டு ஐஏடி

வெள்ளையர் படங்கள் மட்டும் ஒன்றில், கறுப்பினத்தவர் படங்கள் மட்டும் மற்றதில். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றிலும் இத்தனை பதில்கள்: 20, 20, 20, 40, 40, 20, 40. படமும் சொல்லும் ஒரே விசையில் இணைவது 3, 4-இலும், இணை மாறி 6, 7-இலும்; 1, 2, 5 வெறும் பயிற்சி. ஐந்தாவதை 20-இலிருந்து 40 ஆக்குவது, முதலில் பழகிய விசை அடுத்த பகுதிகளில் தொந்தரவு செய்வதைக் குறைக்க. எந்த இணை முதலில், எந்த ஐஏடி முதலில் என்பதைப் பங்கேற்பாளர்களிடையே சரிபாதியாக மாற்றுங்கள். ஆய்வகக் கணினிக்கு சைக்கோபை (PsychoPy) மென்பொருள் போதும். உலாவியில் நடத்த மின்னோ (Minno) நல்லது.

4. டி மதிப்பு

டி என்பது சார்பின் அளவைச் சொல்லும் எண்: இரு இணைகளின் சராசரிப் பதில் நேர வித்தியாசத்தைத் திட்டவிலக்கத்தால் (நேரங்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) வகுத்தது. முதலில் 10,000 மில்லிநொடியைத் தாண்டிய பதில்களை நீக்குங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் 300-க்குக் கீழே அடித்தவரின் தரவையே விடுங்கள். இனி 3-ஐயும் 6-ஐயும் ஒரு ஜோடியாக, 4-ஐயும் 7-ஐயும் மற்றொரு ஜோடியாக எடுங்கள். 'சக்கர நாற்காலி + கெட்டது' பகுதியில் சராசரி 720, 'சக்கர நாற்காலி + நல்லது' பகுதியில் 860, திட்டவிலக்கம் 280 என்றால் 140 ÷ 280 = 0.5. அந்தத் திட்டவிலக்கத்தை இரு பகுதிப் பதில்களையும் ஒரே குவியலாகப் போட்டுக் கணக்கிட வேண்டும். தனித்தனியாகக் கண்டு சராசரி எடுப்பதுதான் வழக்கமான பிழை. இரு ஜோடிகளின் சராசரியே டி.

5. வழுக்கும் இடம்

வெள்ளையர் சோதனையில் 0.5, கறுப்பினத்தவர் சோதனையில் 0.25 வந்தால், 'கறுப்பின மாற்றுத்திறனாளிகள் மீது சார்பு குறைவு' என்று எழுதிவிடாதீர்கள். ஐஏடி ஒப்பீட்டை மட்டுமே தரும். சாதாரண நாற்காலியில் இருக்கும் கறுப்பினத்தவரோடு ஏற்கெனவே கெட்டது ஒட்டியிருந்தால், சக்கர நாற்காலி கூட்டுவதற்கு இடம் குறைவு. அதனால் எண் சிறுக்கும்.

இதைப் பிரித்துப் பார்க்க, நான்கு குழுக்களுக்கும் (இரு இனம், இரு நாற்காலி) தனித்தனியே ஒற்றை வகை ஐஏடி சேருங்கள்; அதில் ஒப்பிட எதிர்க்குழு இல்லாமல் ஒரே குழுவின் படங்கள் மட்டும் இருக்கும். 2006-இல் கார்பின்ஸ்கியும் ஸ்டைன்மனும் தந்த வடிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 24 பயிற்சி, 72 சோதனை. எல்லாம் ஒரே அமர்வில் என்றால் கை சோர்ந்துவிடும். இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

6. யார் விசையை அழுத்துகிறார்

மாற்றுத்திறனாளிகளும் பங்கேற்க வேண்டும். கை அசைவு மெதுவாக இருப்பவரிடம் ஒரே அளவு தாமதம் எல்லாப் பதிலிலும் சேர்ந்தால் கழித்தலில் போய்விடும். பதிலுக்குப் பதில் மாறினால் திட்டவிலக்கம் பெருகி டி சுருங்கும். அவர்களுக்குப் பெரிய இரட்டைப் பொத்தான் கொடுங்கள், பயிற்சியை இரட்டியுங்கள். ஒற்றை வகை ஐஏடியில் பதில் தர வைக்கும் 1,500 மில்லிநொடிக் கெடுவை அவர்களுக்காக மட்டும் தளர்த்தாமல், எல்லோருக்கும் ஒரேபோல எடுத்துவிடுங்கள்.