பால்வீதியைப் படம் பிடிக்கலாம், வாங்க

டெலஸ்கோப் எல்லாம் வேண்டாம். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, கூட வந்த 18-55 எம்எம் லென்ஸ், ஆடாத ட்ரைபாட் போதும். ஏப்ரல் அமாவாசையை ஒட்டி, ஊர் வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போங்க. ஜவ்வாது மலைப் பக்கம் நல்ல இருட்டு, காவலூர் வானாய்வகம் அங்கே இருப்பது சும்மா இல்லை.

அதிகாலை 3 மணிக்குத் தெற்கே பாருங்க. சிவப்பாக மினுங்குவது கேட்டை நட்சத்திரம், அதற்குக் கீழே தேள் வால்போல வளைவது மூலம். அதன் இடப்பக்கம் வெளிறிய புகை மாதிரி தெரிவதுதான் பால்வீதியின் மையம்.

ஃபோகஸில்தான் பலருக்கும் சொதப்பும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை 10 மடங்கு பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகச் சுருங்கும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்க, அப்புறம் அதைத் தொடவே கூடாது.

கேமராவில் வைக்க வேண்டியது: லென்ஸ் 18 எம்எம், லென்ஸ் திறப்பு எஃப் 3.5, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 15 நொடி. 20 நொடியைத் தாண்டினால் பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மட்டில் எடுங்க, 2 நொடி டைமர் வையுங்க, விரல் பட்ட அதிர்வு அடங்கிவிடும். அதே கோணத்தில் இருபது படம் எடுத்து, சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் நன்றாகக் குறையும். பனி பெய்தால் லென்ஸில் ஈரம் படியும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்க.