தமிழ்ப் பெயரைத் தடுக்காத படிவம்: ஜாவாஸ்கிரிப்டில் உள்ளீட்டைச் சரிபார்த்தல்

வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள புடைவைக் கடையொன்றுக்கு இணையவழி ஓர்டர் படிவம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ பிழையாக நிரப்பினால், பக்கம் மறுபடி ஏற்றப்படும்வரை அவரைக் காக்க வைக்காமல் அவ்விடத்திலேயே அதைச் சுட்டிக்காட்டுவதே உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் பணி.

முதலில், நிரல் எதுவுமின்றியே இயங்கக்கூடிய படிவத்தை, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லில் எழுதி முடியுங்கள். தொலைபேசிக் கட்டத்தின் வகையை 'டெல்' என்று கொடுத்தால், கைத்தொலைபேசியில் இலக்க விசைப்பலகை திறக்கும். பிறகு நிரலைத் தனிக் கோப்பில் வைத்து 'டிஃபர்' பண்புடன் இணையுங்கள். பக்கம் முழுவதும் வாசிக்கப்பட்ட பின்னரே அது இயங்கும். படிவம் அனுப்பப்படும்போது எழும் 'சப்மிட்' நிகழ்வைக் கேட்டு, பிழை இருந்தால் மட்டும் 'பிரிவென்ட் டிஃபால்ட்' என்ற கட்டளை மூலம் அனுப்புதலை நிறுத்துங்கள்.

கைத்தொலைபேசி இலக்கத்தைச் சிலர் இடைவெளி விட்டும், சிலர் சிறுகோடிட்டும், சிலர் நாட்டுக் குறியீடான +94 உடனும் எழுதுவார்கள். இவற்றைப் பிழையென்று திருப்பி அனுப்பாமல், இடைவெளிகளையும் கோடுகளையும் நிரலே நீக்கி, தொடக்கத்திலுள்ள +94 ஐ 0 ஆக மாற்றி, அதன்பின் 07 இல் தொடங்கும் 10 இலக்கங்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இந்த மதிப்பை எழுத்துச்சரமாகவே வைத்திருங்கள். எண்ணாக மாற்றினால் முன்னாலுள்ள பூச்சியம் போய்விடும்.

அதிக கவனம் வேண்டியது பெயர்க் கட்டத்துக்குத்தான். ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் விதியை எங்கிருந்தோ பிரதிசெய்து ஒட்டிவிட்டால், கொழும்பில் தமிழிலோ சிங்களத்திலோ பெயரெழுதும் எவரும் அந்தக் கடையில் ஓர்டர் கொடுக்க முடியாது. அதைத் திருத்த 'அ முதல் ஹ வரை' என்று வீச்சைக் குறிப்பதும் உதவாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் வழங்கும் யூனிகோட் அட்டவணையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'ஹ' வுக்குப் பின்னரே வருவதால், 'சிவா' என்ற எளிய பெயர்கூட மறுக்கப்படும். ஜாவாஸ்கிரிப்டின் விதிகளை வரையறுக்கும் எக்மாஸ்கிரிப்ட் தரத்தின் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், எந்த எழுத்துமுறையின் எழுத்தாயினும் ஏற்கும் யூனிகோட் பண்பு ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. ஆனால் அதனுடன் குறிகளுக்கான பண்பையும், முதலெழுத்துக்குப் பின் வரும் முற்றுப்புள்ளியையும், இடைவெளியையும் சேர்த்தாக வேண்டும். என் கருத்தில், பெயர் வெறுமையாக இல்லை என்று மட்டும் பார்ப்பதே சாலச் சிறந்தது. நீள வரம்பு வைப்பதாயின், குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும் நீளம் 3 அல்ல, 5 என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணுவதற்கு 'இன்டில் செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது.

பிழைச் செய்தியை உரிய கட்டத்தின் கீழேயே, எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும் 'டெக்ஸ்ட் கன்டென்ட்' மூலம் காட்டுங்கள். பயனர் எழுதியதை, அதை எச்.டி.எம்.எல்லாகவே வாசிக்கும் 'இன்னர் எச்.டி.எம்.எல்' வழியாகப் பக்கத்தில் இட்டால், அதற்குள் ஒளிந்திருக்கும் தீய நிரலும் இயங்கக்கூடும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிச் செய்திகளையும் நிரலில் ஒரே 'ஒப்ஜெக்ட்' ஆகத் தொகுத்து வைத்து, பக்கத்தின் மொழிக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

உலாவியில் நடக்கும் இந்தச் சோதனைகள் யாவும் வாடிக்கையாளரின் வசதிக்கானவை மட்டுமே. எவரும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, அல்லது படிவத்தைத் தொடாமலே, சேவையகத்துக்குத் தரவை நேரடியாக அனுப்ப முடியும். ஆகவே இதே விதிகளைச் சேவையகத்திலும் எழுதி, அங்கே தேறிய ஓர்டரை மட்டுமே தரவுத்தளத்தில் சேமியுங்கள்.