அடுத்த டிஸ்க்கை எப்படிச் சேர்ப்பீர்கள்? ஃபார்மேட் செய்யும் முன்பே யோசியுங்கள்

வீட்டில் ஒரு லினக்ஸ் பெட்டி, உள்ளே 4 டிபி டிஸ்க், குடும்பப் புகைப்படம், வீடியோ எல்லாம் அதில்தான் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) போடலாம் என்று தேடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். வீட்டு உபயோகத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. டிஸ்க் நிறைந்ததும் இன்னொன்றை எப்படிச் சேர்ப்பேன், சேர்த்ததைத் திரும்பக் கழற்ற முடியுமா, இந்த இரண்டையும் கேளுங்கள். ஏனென்றால் ஃபார்மேட் செய்த பிறகு மனம் மாறினால், மொத்தத்தையும் வேறெங்காவது நகலெடுத்து வைத்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

இஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தைப் போடுவதாக இருந்தால், அடியில் எல்விஎம் (பல டிஸ்க்குகளை ஒரே இடமாகச் சேர்த்துத் தரும் லினக்ஸ் வசதி) இல்லாமல் போடாதீர்கள். நேரடியாகப் பார்ட்டிஷன் மேல் போட்டால் அந்த ஒரு டிஸ்க்கோடு கதை முடிந்தது. எல்விஎம் இருந்தால் மூன்று கட்டளைகள் போதும்: புது டிஸ்க்குக்கு பிவிகிரியேட், அதை வால்யூம் குரூப்பில் (டிஸ்க்குகளின் பொதுத் தொகுப்பு) சேர்க்க விஜிஎக்ஸ்டெண்ட், கடைசியாக எல்விஎக்ஸ்டெண்டை 'ஆர்' ஆப்ஷனோடு கொடுத்தால் வால்யூமும் (அந்தத் தொகுப்பிலிருந்து ஒதுக்கிய பகுதி) மேலே உள்ள ஃபைல்சிஸ்டமும் சேர்ந்தே பெரிதாகிவிடும், அன்மவுன்ட்கூடத் தேவையில்லை. ஆனால் இருக்கிற இடத்தையெல்லாம் முதல் நாளே ஒரே வால்யூமுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், நடைமுறையில் சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்டி4ஐச் சுருக்கலாம், அதற்கு அன்மவுன்ட் செய்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே நல்லது.

பழைய இஎக்ஸ்டி4 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. '64பிட்' வசதி இல்லாமல் உருவாக்கிய வால்யூம், வழக்கமான 4 கேபி பிளாக்கில், 16 டிபியைத் தாண்டாது. டம்ப்இ2எஃப்எஸ் கட்டளையை ஓட்டி, வசதிகள் வரிசையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். எல்விஎம்மில் இரண்டு டிஸ்க்கைச் சும்மா ஒட்டினால் இடம் கூடும், பாதுகாப்பு குறையும்: ஒன்று செத்தாலும் அதன் மேல் படர்ந்திருக்கும் ஃபைல்சிஸ்டம் போய்விடும்.

சரி, கைக்குக் கிடைக்கும் டிஸ்க்குகளை அவ்வப்போது வாங்கிச் சேர்ப்பவர் என்றால்? என் ஓட்டு பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தின் ரெய்டு1க்கு, அதாவது எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் முறைக்கு. 4, 4, 8 டிபி என்று மூன்று டிஸ்க் போட்டால் மொத்தம் 16, ஒவ்வொரு தகவலும் இரண்டு டிஸ்க்கில் இருக்கும், உங்களுக்கு 8 டிபி கிடைக்கும், ஒரு துளியும் வீணாகாது. புது டிஸ்க்கைச் சேர்த்தபின் பேலன்ஸ் என்ற கட்டளையை ஓட்டுங்கள், பழைய தகவல் எல்லா டிஸ்க்கிலும் பரவிக்கொள்ளும். மற்ற டிஸ்க்குகளில் இடம் இருந்தால் ஒன்றைக் கழற்றவும் செய்யலாம். விளிம்பு வரை நிறையவிட்டு பேலன்ஸ் ஓட்டப் போனால் அதற்கே இடமில்லாமல் திணறும், அதனால் முன்கூட்டியே சேருங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு5, ரெய்டு6 (முழுப் பிரதிக்குப் பதில் மீட்புத் தகவலை மட்டும் வைக்கும் முறைகள்) பக்கம் மட்டும் போகாதீர்கள், முக்கியமான தகவலுக்கு அதை இன்னும் யாரும் பரிந்துரைப்பதில்லை.

இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டமும் அருமையானது, ஆனால் திட்டமிட்டு வாங்குபவர்களுக்கானது. ரெய்டுஇசட்டில் (ரெய்டு5, ரெய்டு6 போன்ற அதன் டிஸ்க் தொகுதி) ஒரே ஒரு டிஸ்க்கைச் சேர்க்கும் வசதியே 2025இல் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3இல்தான் வந்தது, அதுவரை ஒரு புதுத் தொகுதியையே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா டிஸ்க்கையும் பெரிதாக மாற்ற வேண்டும். ரெய்டுஇசட்டில் சேர்த்ததைக் கழற்ற இப்போதும் வழியில்லை. ஒரே தொகுதியில் வெவ்வேறு அளவில் கலந்தால் எல்லாமே சிறியதன் அளவுக்குத்தான் கணக்கு.

எதை எடுத்தாலும் பேக்கப் தனி டிஸ்க்கில் இருக்கட்டும். அப்புறம், நிஜ டிஸ்க்கில் கை வைக்கும் முன் ஒத்திகை பாருங்கள்: ட்ரன்கேட் கட்டளை கொடுத்து 1 ஜிபி ஃபைல் மூன்று உருவாக்கி, லூசெட்டப் கட்டளையால் அவற்றை டிஸ்க் போல மாட்டி, இரண்டில் தொடங்கி மூன்றாவதைச் சேர்த்து, பிறகு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.