கிழித்த டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: சேகரிப்பைத் தொடங்குவது எப்படி?

என்னிடம் ஒரு கறுப்பு டிக்கெட் இருக்கிறது. அச்சடித்தபோது அது வெள்ளைதான், கறுப்பாக்கியது நான். சொந்தக் காசில் முதல்முதலாகப் போன இசை நிகழ்ச்சியின் டிக்கெட். கசங்கிவிடப் போகிறதே என்று லேமினேஷன் மெஷினில் நானே நுழைத்தேன். இந்தப் பக்கம் வெள்ளையாகப் போனது, அந்தப் பக்கம் கரியாக வெளியே வந்தது. பாடகர் பெயர், தேதி, இருக்கை எண் எல்லாம் அந்தக் கறுப்புக்குள்தான் எங்கேயோ இருக்கின்றன.

பழைய மேட்ச் டிக்கெட்டுகளையும் கச்சேரி டிக்கெட்டுகளையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இதுதான்: டிக்கெட்டுக்கு நல்லது செய்யப் போகிறேன் என்று கிளம்பித்தான் பாதி பேர் அதைக் கெடுக்கிறார்கள். அதனால் கீழே உள்ள விளக்கத்தில் "செய்யாதீர்கள்" கொஞ்சம் அதிகமாகவே வரும்.

படி 1: கடையில் அல்ல, வீட்டில் தேடுங்கள்

முதல் மாதம் எதையும் வாங்க வேண்டாம். பழைய பர்ஸின் பின்பக்க அறை, குளிர்காலக் கோட்டுப் பை, போட்டோ கவர்கள், நிகழ்ச்சி நிரல் புத்தகங்கள், பாதியில் நிறுத்திய நாவல்கள் எல்லாவற்றையும் ஒரு முறை உதறிப் பாருங்கள். பக்கம் தெரிய வைத்த அடையாளமாக டிக்கெட்டை வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய.

அப்புறம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். "பழைய டிக்கெட் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "நீங்க நேரில் பார்த்த முதல் மேட்ச் எது? யாரோடு போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வருவார்கள். அவர்கள் பேசுவதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அது பின்னால் தேவைப்படும்.

டிக்கெட் பழைய பசை ஆல்பத்தில், பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் விரலால் உரிக்காதீர்கள். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூல் இருக்கிறதல்லவா, மெழுகு தடவாத வகை, அதை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இடமும் வலமுமாக இழுத்துக்கொண்டே போங்கள். வரவில்லையா? அந்த ஆல்பப் பக்கத்தோடு சேர்த்து வெட்டி எடுத்து வைத்துவிடுங்கள், அவசரமில்லை. பசை இளகட்டும் என்று ஹேர் டிரையர் பிடிக்க மட்டும் வேண்டாம். காரணம் அடுத்த படியில்.

படி 2: கையில் இருப்பது என்ன தாள் என்று பாருங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம். மற்ற எல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

பழைய டிக்கெட்டுகள் பெரும்பாலும் தடித்த அட்டையில் அச்சகத்தில் அடித்தவை. மை தாளின் மேல் உட்கார்ந்திருக்கும். இவை கொஞ்சம் முரட்டுப் பிள்ளைகள். மஞ்சளாகும், ஓரம் நொறுங்கும், ஆனாலும் எழுத்து நிற்கும்.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கவுன்டர் மெஷினில் அடித்துத் தந்தவை பலவும் தெர்மல் தாள். ஏடிஎம் ரசீது வருகிறதே, அதன் தடித்த அண்ணன். அதில் எழுத்தாக இருப்பது மையே இல்லை. தாளின் மேல்பூச்சில் நிறமில்லாத ஒரு சாயமும் அதற்கு நிறம் கொடுக்கும் அமிலப் பொருளும் கலந்திருக்கின்றன. அச்சு முனையின் சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுப்பாகின்றன. அதனால் தாள் முழுவதும் சூடு பட்டால் முழுவதும் கறுக்கும். என் டிக்கெட்டுக்கு நடந்தது அதுதான்.

சூடு கறுப்பாக்கும் என்றால், வெயிலும் சில பிளாஸ்டிக்குகளும் நேர்மாறாக எழுத்தை அழித்துவிடும். இப்படிப்பட்ட டிக்கெட்டில் வண்ணச் சின்னங்களும் பின்னணிப் படமும் முன்பே அச்சகத்தில் அடிக்கப்பட்டவை. யார், எங்கே, எப்போது, எந்த இருக்கை என்பது மட்டும் கவுன்டரில் சூட்டால் விழுந்தது. சில வருடம் கழித்துப் பார்த்தால் அலங்காரம் பளிச்சென்று இருக்கும், நடுவில் இருந்த விவரம் காணாமல் போயிருக்கும். மணமக்கள் பெயர் அழிந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி.

எப்படிக் கண்டுபிடிப்பது? சாய்த்துப் பிடித்தால் மழமழவென்று லேசான பளபளப்பு தெரியும். ஒன்றுக்கும் உதவாத ஒரு டிக்கெட்டை எடுத்து நகத்தால் வேகமாக ஒரு கோடு இழுங்கள். உரசிய சூட்டில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அது தெர்மல். முக்கியமான டிக்கெட்டில் இந்தச் சோதனை வேண்டாம். கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடும் இதைத் தொடாதீர்கள்; ஆல்கஹால் பட்டாலும் கறுக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு தெரியாமல் ஓரத்தைக் கிழித்துவிடுவீர்கள்.

படி 3: உடனே ஸ்கேன் செய்யுங்கள்

தெர்மல் டிக்கெட்டுகளை முதலில் எடுங்கள், அன்றைக்கே. 600 டிபிஐ (ஸ்கேனரில் நுணுக்கத்தைக் குறிக்கும் அளவு), வண்ணத்தில், இரண்டு பக்கமும். பின்பக்கம் வெறும் விதிமுறைதானே என்று விடக்கூடாது. அங்கேதான் விளம்பரமும், நுழைவாயில் வரைபடமும், சில நேரம் அச்சகத்தின் பெயரும் இருக்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் வையுங்கள்; கணினியே காலவரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும்.

ஏற்கெனவே மங்கிப்போனதையும் ஸ்கேன் செய்யுங்கள். போட்டோ மென்பொருளில் கான்ட்ராஸ்டை ஏற்றி, நீலச் சேனலை, அதாவது படத்தின் நீல நிற அடுக்கை, மட்டும் தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து சில சமயம் ஆவி மாதிரி எழுந்து வரும்.

படி 4: கதையை எழுதுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். வரிசை எண், தேதி, இடம், யார் விளையாடினார்கள் அல்லது பாடினார்கள், இருக்கை, டிக்கெட் எப்படிக் கைக்கு வந்தது, கூட யார் வந்தார்கள், அன்றைக்கு என்ன நடந்தது. கடைசி இரண்டு கட்டங்களைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். மழை வந்து இரண்டு மணி நேரம் நின்றது, மைக் வேலை செய்யவில்லை, கடைசி பஸ்ஸை விட்டது எல்லாம் அங்கே போக வேண்டும்.

நினைவை மட்டும் நம்பாதீர்கள். கிரிக்கெட் என்றால் இஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோவில் பழைய ஸ்கோர்கார்டு கிடைக்கும். இசை நிகழ்ச்சி என்றால் செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்தில் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதுகூடக் கிடைக்கலாம். நான் நேரில் பார்த்ததாகப் பல வருடம் பெருமையடித்துக்கொண்டிருந்த ஒரு சதம், ஸ்கோர்கார்டைத் திறந்தபோது அடுத்த மேட்சில் அடித்தது என்று தெரிந்தது. டிக்கெட்டைத் தூக்கிப் போடவில்லை, பெருமையைத்தான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

டிக்கெட்டின் மேல் எதுவும் எழுதாதீர்கள், பென்சிலாலும் கூடாது. தனித் துண்டுத்தாளில் எண்ணை எழுதி, டிக்கெட்டோடு உறைக்குள் வைத்தால் போதும்.

படி 5: உறையும் ஆல்பமும்

பிவிசி உறை வேண்டாம். பிரித்தவுடன் புதுப் பிளாஸ்டிக் நெடி குப்பென்று அடித்தால் பெரும்பாலும் அதுதான். அதை மிருதுவாக்கச் சேர்த்திருக்கும் பொருள் மெல்லக் கசிந்து தெர்மல் எழுத்தை அழிக்கும், அச்சு மையையும் இழுத்துக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீளமான டிக்கெட்டுக்குப் பழைய ரூபாய் நோட்டுச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஆல்பப் பக்கங்கள் கச்சிதமாகப் பொருந்தும். சின்னத் துண்டுகளுக்கு ஒன்பது அறை உள்ள கார்டு பக்கங்கள். உறைக்குள் பொருந்தவில்லை என்றால் பெரிய உறை வாங்குங்கள், டிக்கெட்டை வெட்டாதீர்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்காதீர்கள், வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செலோ டேப், ரப்பர் பேண்ட், இரும்பு கிளிப், பசை எதுவும் வேண்டாம். மடிப்பு விழுந்ததை இஸ்திரி போடாமல், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் மறந்துவிடுங்கள். சுவரில் மாட்ட ஆசை என்றால் ஸ்கேனைப் பிரின்ட் போட்டு மாட்டுங்கள், அசல் அலமாரிக்குள் இருக்கட்டும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி மட்டும் வேண்டாம்.

படி 6: ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

ஒரே அணி, ஒரே மைதானம், ஒரே பாடகர், அல்லது நான் போனவை மட்டும் என்று எதையாவது முடிவு செய்யுங்கள். எல்லையில்லாமல் சேர்த்தால் ஆறே மாதத்தில் அது குப்பைக்கூடை. நடக்காமலே போன நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளை மட்டும் சேர்ப்பவர்கள்கூட உண்டு. 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது லண்டனில் அவருடைய 50 நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டிருந்தன. பணம் திரும்ப வேண்டாம் என்றவர்களுக்கு அச்சிட்ட டிக்கெட்டையே நினைவாகத் தந்தார்கள்.

புகழ் பெற்ற நிகழ்ச்சி என்றால் டிக்கெட்டும் அரிது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் நடந்த 1969 உட்ஸ்டாக் இசை விழாவில் வேலி கட்டி முடிக்கவில்லை, கூட்டம் அப்படியே உள்ளே போய்விட்டது. யாரும் டிக்கெட்டை வாங்கிக் கிழிக்கவில்லை. அதனால் கிழிக்காத உட்ஸ்டாக் டிக்கெட்டுகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தப் பக்கம், 1984 அக்டோபர் 26 அன்று சிகாகோ ஸ்டேடியத்தில் ஒரு புதுப் பையன் தன் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டம் ஆடி 16 புள்ளி எடுத்தான். டிக்கெட்டைப் பத்திரமாக வைக்க யாருக்கும் தோன்றவில்லை. பையன் பெயர் மைக்கேல் ஜோர்டன். அந்த ஆட்டத்தின் கிழித்த டிக்கெட் ஒன்று 2021 டிசம்பரில் 2,64,000 டாலருக்கும், கிழிக்காத முழு டிக்கெட் ஒன்று 2022 பிப்ரவரியில் 4,68,000 டாலருக்கும் ஏலம் போயின.

பொதுவாக முழு டிக்கெட்டுக்குத்தான் விலை அதிகம். எனக்கென்னவோ கிழித்ததுதான் பிடிக்கும். கிழிந்திருந்தால்தானே ஆள் உள்ளே போயிருக்கிறார்! பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் டிக்கெட்டைச் சரிபார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுக் கடினப் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். தொடக்கத்தில் அதற்கெல்லாம் செலவு செய்ய வேண்டியதில்லை.

படி 7: வாங்கும்போது போலியைப் பிடிப்பது

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு சின்ன லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உள்ள ஒரு கறுப்பு எழுத்தை, "ஏ" என்று வைத்துக்கொள்வோம், லென்ஸ் வழியாகப் பாருங்கள். அச்சகத்தில் அடித்த அசலில் அந்த எழுத்து ஒரே கறுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்து பிரின்டரில் அடித்த நகலில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறி நிற்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அடுத்து கிழித்த ஓரம். துளைக்கோட்டில் கிழித்தது பல் பல்லாக இருக்கும். கத்தரியால் வெட்டிய நேர் ஓரம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருளைப் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது 1950-களை ஒட்டித்தான். 1930-ஆம் ஆண்டு டிக்கெட் என்று விற்பது நீல வெள்ளையாக ஜொலித்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜொலிக்கவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது.

கருவியே தேவைப்படாத சோதனைதான் எனக்குப் பிடித்தது: கிழமை. பீட்டில்ஸ் இசைக்குழு நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பாடிய 1965 ஆகஸ்ட் 15 ஒரு ஞாயிறு. போலி அடிப்பவர்கள் தேதியைச் சரியாகப் போட்டுக் கிழமையில் கோட்டைவிடுவார்கள். அந்த வருடத்தில் மைதானத்துக்கு அந்தப் பெயர்தானா என்றும் பாருங்கள். பார்கோடும் அப்படித்தான். கடையில் ஒரு பொருளின் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூனில். அறுபதுகளின் டிக்கெட்டில் பார்கோடு இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

படி 8: போனிலேயே வரும் டிக்கெட்டை என்ன செய்வது?

ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு அதே கோப்புறையில் போடுங்கள். சில ஆப்களில் நிகழ்ச்சி முடிந்ததும் டிக்கெட் மறைந்துவிடும், அதனால் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் வந்திருந்தால் அமிலமில்லாத தாளில் லேசர் பிரின்டரில் அடியுங்கள். பல இங்க்ஜெட் மைகள் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே கலையும். நிகழ்ச்சிக்குப் பிறகு நினைவுக்காக அழகாக அச்சடித்து விற்கும் டிக்கெட்டுகளை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பட்டியலில் "நினைவு அச்சு" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து யாரோ ஒருவர் அதை அசல் என்று நினைத்து வாங்குவார்.

மணிக்கட்டில் கட்டும் பட்டையும் டிக்கெட்தான். கழற்றும்போது பசை உள்ள இடத்திலிருந்து தள்ளி வெட்டுங்கள், பசை மற்ற டிக்கெட்டுகளில் ஒட்டாமல் தனி உறையில் வையுங்கள். இன்னொன்று, நிகழ்ச்சிக்கு முன்னால் டிக்கெட்டைப் படமெடுத்துப் பெருமையாகப் பகிரும்போது பார்கோடை விரலால் மறையுங்கள். அதை நகலெடுத்து உங்களுக்கு முன்னால் வேறொருவர் உள்ளே போய்விட்டால், வாசலில் நீங்கள் நீட்டுவது செல்லாத டிக்கெட்.