தரம் 10 வகுப்பில் ஸ்ட்ரூப் சோதனை: அறிகை நரம்பியலுக்கு ஒரு தொடக்கம்

சிந்தனை, கவனம் போன்றவற்றை மூளை எப்படிச் செய்கிறது என்று ஆராயும் அறிகை நரம்பியலை மூளைப் படத்தில் பெயர் குறிப்பதிலிருந்து தொடங்க வேண்டாம். பிள்ளைகள் பெயர்களை மனனம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். மனதில் நடப்பதை நேரமாக அளக்கலாம் என்பதை முதலில் அவர்களே செய்து பார்க்கட்டும். ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் 1935இல் வெளியிட்ட சோதனை போதும்: வேறு நிற மையில் எழுதிய நிறப்பெயரை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும், சொல் குறுக்கிட்டுத் தாமதமாக்கும். தமிழும் சிங்களமும் வாசிக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

மூன்று ஏ4 தாள்கள், ஒவ்வொன்றிலும் வரிக்கு 5 வீதம் 4 வரிகள். முதல் தாளில் வெறும் நிறப் புள்ளடிகள். மற்ற இரண்டில் ஒன்றில் தமிழ் நிறப்பெயர்கள், மற்றதில் சிங்கள நிறப்பெயர்கள்; ‘சிவப்பு’ நீல மையில், ‘நீலம்’ பச்சையில் என்று எப்போதும் மாறியே இருக்க வேண்டும். மஞ்சள் வெள்ளைத் தாளில் மங்கிவிடும், கறுப்பு எடுங்கள். ‘சிவப்பு’ என்ற சொல்லுக்கு அடுத்ததைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். சற்றுமுன் ஒதுக்கிய பெயரையே உடனே சொல்ல நேர்ந்தால் தனியாக ஒரு தாமதம் வந்து கணக்கைக் கெடுக்கும்.

ஒருவர் மையின் நிறத்தைச் சொல்ல, மற்றவர் போனில் நேரம் பார்ப்பார். பிழைத்தால் திருத்திச் சொல்லிவிட்டே தொடர வேண்டும், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கித் தப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். நிறம் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளையை முன்கூட்டியே தனியாக விசாரித்து, நேரம் பார்க்க விடுங்கள்.

கவனம் வேண்டியது சிங்களத் தாளில்தான். அதற்குத் தமிழில் பதில் சொல்ல விட்டால் தாமதம் குறையும். ஆனால் சிங்களம் வாசிப்பது மெதுவென்பதாலா, பார்க்கும் மொழியும் சொல்லும் மொழியும் வேறென்பதாலா என்று பிரிக்க முடியாது. ஆகவே சிங்களத்திலேயே பதில் சொல்லட்டும். புள்ளடித் தாளையும் இரு மொழியிலும் ஒவ்வொரு தடவை சொல்லவையுங்கள். சொல் தாளின் நேரத்திலிருந்து அதே மொழிப் புள்ளடி நேரத்தைக் கழிக்க வேண்டும். 21 செக்கனில் 13ஐக் கழித்து 8 வந்தால், தாளில் 20 சொற்கள் என்பதால் ஒரு சொல்லுக்கு 0.4 செக்கன் இடையூறு. பழக்கத்தால் வேகம் கூடுமாதலால் பாதி வகுப்பு சிங்களத்தில் தொடங்கட்டும். சரளமாக வாசிக்கும் மொழியில் இடையூறு பெரிதாக வருவதே வழக்கம்.

மூளையில் எந்த இடம் என்று பிறகு அவர்களே கேட்பார்கள். இந்த வேலையின்போது மூளையின் முன்பக்கத்திலுள்ள முன் சிங்குலேட் புறணியும் முன்நுதல் புறணியும் கூடுதலாக இயங்குவதை எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற மூளை ஸ்கேன் காட்டுகிறது. ஆனால் அது பார்ப்பது குருதியின் ஒட்சிசன் மாற்றத்தை. அந்த மாற்றம் உச்சத்துக்கு வரவே 5 செக்கன் அளவு ஆகும். 0.4 செக்கனுக்குள் என்ன நடந்ததென்று பார்க்க, மூளையின் மின்னலைகளைத் தலையின் மேலிருந்து பதியும் ஈ.ஈ.ஜி. வேண்டும்.