பன்னாட்டுக் கணக்கியல் முதுகலை: பண்ருட்டி முந்திரியில் தொடங்குங்கள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ பி.காம். முடித்துவிட்டுப் பன்னாட்டுக் கணக்கியல், நிதி முதுகலையில் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தப் புத்தகம் வாங்கலாம் என்பதைத்தான். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். ஐஎஃப்ஆர்எஸ் எனப்படும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகளை, அவற்றை வெளியிடும் ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளையின் இணையதளத்தில் பெயர் பதிவு செய்து இலவசமாகப் படிக்கலாம். நம் நாட்டின் இண்ட் ஏஎஸ், அதாவது இந்தியக் கணக்கியல் தரநிலைகள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இந்தப் படிப்பை முடித்தவள் நான். தடித்த பாடநூல் எனக்குத் தேவைப்பட்டது தேர்வு நெருங்கிய வாரங்களில் மட்டும்தான்.

எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். பன்னாட்டுத் தரநிலைகளில் பழையவற்றுக்கு ஐஏஎஸ் என்று பெயர், அவற்றின் எண் மாறாது: அந்நியச் செலாவணிக்கான ஐஏஎஸ் 21 இங்கே இண்ட் ஏஎஸ் 21. குத்தகைக்கான ஐஎஃப்ஆர்எஸ் 16 இங்கே இண்ட் ஏஎஸ் 116. ஐஎஃப்ஆர்எஸ் எண்ணோடு நூறைக் கூட்டிக்கொண்டால் போதும். ஆனால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். முதலீட்டுக்காக வைத்திருக்கும் கட்டடத்தை நியாய மதிப்பில் (இன்றைய சந்தை மதிப்பில்) காட்ட ஐஏஎஸ் 40 இடம் தருகிறது; இண்ட் ஏஎஸ் 40 அடக்க விலையில்தான் காட்டச் சொல்கிறது. கடைசியில் வந்த சரக்கு முதலில் போனதாகக் கணக்கிடும் முறை அமெரிக்காவில் செல்லும், சரக்கிருப்புக்கான ஐஏஎஸ் 2-இல் செல்லாது. இத்தகைய வேறுபாடுகளுக்கென்றே ஒரு நோட்டுப் போடுங்கள். கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. சீனியர்களின் பழைய நோட்ஸை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, நிதி அறிக்கைகளின் வடிவத்தைச் சொல்லும் ஐஏஎஸ் 1 போய் ஐஎஃப்ஆர்எஸ் 18 வருகிறது.

அந்நியச் செலாவணிப் பாடத்துக்கு லண்டன் கம்பெனி உதாரணம் எதற்கு? பண்ருட்டிக்குப் போங்கள். அங்கே உடைபடும் முந்திரிக்கொட்டையில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது, விலை டாலரில். ஒரு வியாபாரி பிப்ரவரியில் 20,000 டாலருக்குக் கடனில் கொட்டை வாங்குகிறார், அன்று டாலர் 83 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 16,60,000 ரூபாய், கடனீந்தோரும் அதே தொகை. மார்ச் 31 அன்று டாலர் 85. கடனை 17,00,000 என்று மாற்றி எழுத வேண்டும், 40,000 ரூபாய் நட்டம் அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். கிடங்கில் கிடக்கும் கொட்டையோ 83-லேயே நிற்கும். மே மாதம் 84-இல் பணம் கட்டினால் 20,000 ரூபாய் ஆதாயம், அது அடுத்த ஆண்டுக்கு.

இதைப் பேனாவால் பற்று, வரவு போட்டு எழுதிப் பாருங்கள். பிறகு கணக்கைக் கொஞ்சம் சிக்கலாக்குங்கள்: ஜனவரியில், டாலர் 82 ஆக இருந்தபோது, 5,000 டாலர் முன்பணம் கொடுத்திருந்தால்? முன்பணம் பணமாகத் திரும்பி வரப்போவதில்லை, சரக்காகத்தான் வரும். ஆகவே அந்த 5,000 டாலருக்கான சரக்கு 82-இலேயே பதிவாகும். மார்ச்சில் மறுமதிப்பு செய்வது மீதி 15,000 டாலர் கடனை மட்டும். இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால் ஐஏஎஸ் 21-இல் பாதி முடிந்தது.

பதிவு போடுவதில் நம் ஊர்ப் பிள்ளைகள் கெட்டி. காரணம் எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது. எங்கள் ஆடிட்டர் சார் எந்தப் பதிவைக் காட்டினாலும், “சரிம்மா, ஏன்?” என்பார். தேர்வாளரும் அதையேதான் கேட்கிறார். விதி என்ன, இந்த விவகாரத்தில் அது எப்படிப் பொருந்துகிறது, அதனால் பதிவு எது என்று நான்கைந்து வாக்கியங்கள் எழுதிப் பழகுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் மதிப்பெண் குறையாது, காரணம் இல்லாவிட்டால் குறையும்.

அடுத்தது ஆண்டறிக்கை. நெய்வேலி என்எல்சி பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம், அறிக்கை இலவசம். இருப்புநிலைக் குறிப்பிலிருந்து தொடங்காதீர்கள். தணிக்கையாளர் அறிக்கையையும் கணக்கியல் கொள்கைகளையும் முதலில் படியுங்கள். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அள்ளும் செலவை என்ன செய்கிறார்கள்? என்றோ மூடப்போகும் சுரங்கத்துக்கு இன்றே ஏன் ஒதுக்கீடு? பேருந்தில் போகும்போது கண்ணில் படும் அந்த மண்மேடுகளுக்குப் பின்னால் இத்தனை தரநிலைகள் இருக்கின்றன.

நிதிப் பாடம் ஒப்பீட்டளவில் எளிது, சூத்திரங்களின் பொருள் தெரிந்தால். ரூபாய்க்கு வட்டி 7 விழுக்காடு, டாலருக்கு 4, இன்றைய விலை 85 என்றால் ஓராண்டு முன்பேர விலை (ஓராண்டு கழித்துக் கைமாறும் டாலருக்கு இன்றே பேசி முடிக்கும் விலை) 85 × 1.07 ÷ 1.04, ஏறத்தாழ 87.45. வட்டி அதிகமுள்ள நாணயம் முன்பேரத்தில் மலிவாகிறது, அவ்வளவுதான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு, அதிலும் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு, ஒரு கூடுதல் வசதி. பிரான்சில் கணக்குத் தலைப்புகளுக்கே அரசு எண் வகுத்திருக்கிறது. 6-இல் தொடங்கினால் செலவு, 7-இல் தொடங்கினால் வருமானம். பங்குச்சந்தையில் உள்ள பிரெஞ்சுக் குழுமங்கள் 2005 முதல் ஒருங்கிணைந்த கணக்கை ஐஎஃப்ஆர்எஸ்படி தருகின்றன, தனிக் கம்பெனிக் கணக்கு இன்னும் உள்நாட்டு முறையில்தான். நாடுகளை ஒப்பிடும் தாளில் இதை எழுதுங்கள். எல்லோரும் அமெரிக்காவையே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள் செப்டம்பரில் பெரிய பாடம் எதையும் தொடாதீர்கள். வருமான வரித் தணிக்கை நெருக்கடியில் லீவு கேட்டாலும் கிடைக்காது. ஆய்வேட்டுக்கு ஐம்பது பேரிடம் கேள்விப் பட்டியல் கொடுக்கும் தலைப்பை எடுக்க வேண்டாம். நிரப்பித் தருகிறவர்கள் உங்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஐந்தாறு கம்பெனிகளின் ஆண்டறிக்கையை எடுத்து, குத்தகைத் தரநிலை வந்த 2019 ஏப்ரலுக்கு முன்னும் பின்னும் அவற்றின் கடன் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். தரவு முழுவதும் இலவசம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.