எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள், ஹால் டிக்கெட்டைத் தவிர: கல்லூரிக்குப் போகும் திருநங்கைகள், திருநம்பிகள் செய்யும் தவறுகள்

ஜூன், ஜூலை வந்துவிட்டால் என் போன் ஓயாது. புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த திருநங்கைகளும் திருநம்பிகளும் (பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர்கள்) யாரிடமாவது நம்பர் வாங்கிக் கூப்பிடுவார்கள். நான் 2016இல் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பிகாம் சேர்ந்தவள். இப்போது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். அவர்கள் பேசப் பேச, நான் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுந்துகொண்டிருப்பது தெரியும்.

கிண்டல் செய்பவனோடு மல்லுக்கு நிற்காதே, நல்ல நண்பர்களைத் தேடிக்கொள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

முதல் நாளே மைக்கில் சொல்வது

வரவேற்பு விழாவில் மைக் என் கைக்கு வந்ததும் நான் திருநங்கை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கைதட்டல் அரங்கை அதிரவைத்தது. அப்பாடா, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் பக்கத்துத் துறைப் பையன்கள் இடைவேளையில் எங்கள் வராந்தாவுக்கு வந்து, "எந்தப் புள்ளடா அது?" என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். கைதட்டியவர்களில் ஒருவரும் எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை.

முதல் மாதத்துக்கு மூன்று பேருக்குத் தெரிந்தால் போதும். பக்கத்தில் உட்காரும் ஒருத்தர், வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர், கல்லூரி அலுவலகத்தில் ஒருவர். அந்த மூன்றாவது ஆளைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கூப்பிடும் பெயர் கிடைத்ததும் காகிதத்தை விட்டுவிடுவது

இதற்குத்தான் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

"அக்கா, எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாரும் என் பேரைச் சொல்லித்தான் கூப்புடுறாங்க. ஹெச்ஓடிகூட. சர்டிபிகேட்டை எல்லாம் டிகிரி முடிச்சிட்டு மாத்திக்கலாம்ல?" வருஷம் தவறாமல் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் வருஷம், நவம்பர் தேர்வு. அதற்குள் முடி தோளுக்குக் கீழே வந்துவிட்டது, சுடிதார்தான் போடுவேன். ஹால் டிக்கெட்டில் இருந்ததோ ஒட்ட வெட்டிய முடியோடு, அப்பா வைத்த பெயரோடு ஒரு பையன். எங்கள் ஆசிரியர்களே கண்காணித்தவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. காஸ்ட் அக்கவுண்டிங் அன்று வெளிக் கல்லூரியிலிருந்து வந்தவர் நின்றார். ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். பெயரைச் சத்தமாக வாசித்தார். முன் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

அதைக்கூடச் சமாளித்திருப்பேன். என்னைக் கவிழ்த்தது கையெழுத்து. மூன்று மாதமாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதுப் பெயரில் கையெழுத்துப் பழகி வைத்திருந்தேன், கடைசி எழுத்தை மேலே சுழித்துக் கீழே ஒரு கோடு. வருகைத் தாளை நீட்டியதும் கை தன்பாட்டுக்கு அதைப் போட்டுவிட்டது. அச்சில் ஒரு பெயர், பக்கத்தில் வேறொரு கையெழுத்து. ஆள்மாறாட்டம் என்று வெளியே நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர் கையில் இருந்த தாளுக்கு அதுதான் அர்த்தம். ஹெச்ஓடி ஓடி வந்து, அலுவலகத்திலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லி, நான் மறுபடி நாற்காலியில் உட்காரும்போது ஒன்றே கால் மணி நேரம் போயிருந்தது. அந்தத் தாள் அரியர் ஆனது. மூன்றாம் வருஷம் வளாகத் தேர்வுக்கு வந்த கம்பெனி, அரியர் இருப்பவர்கள் உட்காரவே கூடாது என்றது.

அத்தோடு போயிற்றா? பட்டமும் பழைய பெயரிலேயே வந்தது. திருத்தப் போனால், முதலில் பிளஸ் டூ சான்றிதழை மாற்றி வா என்றார்கள். அங்கே போனால் பத்தாம் வகுப்பை மாற்றி வா என்றார்கள். பத்தாம் வகுப்புக்குப் போனால், பள்ளிச் சான்றிதழில் பிழைதான் திருத்துவோம், பெயரை மாற்ற மாட்டோம் என்றார்கள். நாலு வருஷம் அலைந்தேன்.

சேலத்துத் திருநங்கை பிரித்திகா யாஷினி போலீஸ் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோதும் முதல் முட்டுக்கட்டை காகிதம்தான், படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்குக் கட்டமே இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கி, 2017இல்தான் பணியில் சேர்ந்தார். நம் எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியாது.

என் காலத்தில் திருநங்கையர் நல வாரிய அட்டை ஒன்றுதான் கையில் இருக்கும். 2019இல் மூன்றாம் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் தருகிறார். 2020இல் வந்த விதிகளின் இணைப்பில், அந்தச் சான்றிதழைக் காட்டி மாற்றிக்கொள்ளக்கூடிய ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது. கல்விச் சான்றிதழும் அதில் உண்டு. இது அலுவலகத்தில் பலருக்குத் தெரியாது, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். ஆட்சியர் சான்றிதழ், ஆதார், அரசிதழில் பெயர் மாற்றம், அப்புறம் கல்லூரி என்று போனால் அலைச்சல் குறைவு. சட்டப்படி அரசிதழ் வேண்டுமா என்று வாதாடலாம்தான். ஆனால் வாதாடும் நேரத்தில் வாங்கியே விடலாம்.

கல்லூரிக் கடிதம் முதல்வர் பெயருக்கு, நகல் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு. முதல் செமஸ்டர் தேர்வு விண்ணப்பம் நிரப்புவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பதிவு எண்ணோடு பெயர் ஒருமுறை பல்கலைக்கழகம் போய்விட்டால் அப்புறம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் அதே பெயர்தான் அச்சாகி வரும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இன்வார்டு நம்பர் (கடிதம் வந்ததாக அலுவலகம் பதியும் எண்), தேதி, சீல், மூன்றும் உங்கள் நகலில் விழ வேண்டும்.

வீட்டுக்கு இன்னும் தெரியாதவர்கள், பெண்கள் கல்லூரியில் படிக்கும் திருநம்பிகள், இவர்கள் நிலைமை வேறு. கடிதம் கொடுத்த மறுநாளே வீட்டுக்குப் போன் போகலாம், படிக்கும் இடத்துக்கே ஆபத்து வரலாம். காத்திருங்கள், தவறில்லை. காத்திருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பழைய கையெழுத்தையே போடுங்கள்.

வாய்மொழி அனுமதி

"பரவாயில்லம்மா, அந்த ரூமையே வச்சுக்கோ" என்ற முதல்வர் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றுவிடுவார். எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டுவது

எந்தக் கழிப்பறை என்ற குழப்பத்தில் காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீரே தொடமாட்டேன். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு படுத்ததுதான் மிச்சம். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பல கல்லூரிகளில் பூட்டியே கிடக்கும். அதன் சாவி யாரிடம் என்று முதல் வாரமே விசாரியுங்கள். எங்கள் கல்லூரியில் நூலக உதவியாளர் அக்காவிடம் இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார். அதைக் கேட்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

ஒவ்வொரு ஏப்ரல் 15க்கும் மேடையேறுவது

நல வாரியம் தொடங்கிய நாள், தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். 2014இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்ததும் இதே தேதிதான். ஆகவே கல்லூரியில் விழா இருக்கும், பேச உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை பேசலாம். நான் மூன்று வருஷமும் பேசினேன், பக்கத்துக் கல்லூரிகளுக்கும் போனேன். பொன்னாடை ஏழு சேர்ந்தது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனபோது, பொன்னாடை போர்த்தியவர்களே அபராதம் கட்டச் சொன்னார்கள். அதைவிட மோசம், வகுப்பில் என்னிடம் யாரும் கணக்குச் சந்தேகம் கேட்பதில்லை. "ஆபரேஷன் எப்ப?" என்றுதான் கேட்பார்கள்.

ராகிங்கைக் கேலி என்று விட்டுவிடுவது

பாலினத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2016இல் திருத்திய விதியில் மூன்றாம் பாலினத்தவரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. புகாரில் அந்த விதியைக் குறிப்பிடுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

ஹார்மோன் மாத்திரை

தோழி சொன்ன பெயரை மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்காதீர்கள். அவ்வளவுதான்.

கட்டணம்

மூன்றாம் பாலின மாணவர்களின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் கேளுங்கள். கேட்கும்போது சான்றிதழ் கையில் இருக்கட்டும். அங்கேயும் பெயர் ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

போன வாரம் ஒரு தங்கை கூப்பிட்டாள். கடிதம் கொடுத்தாயிற்றாம், நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். இன்வார்டு நம்பர் இருந்தது, சீலும் இருந்தது. தேதி மட்டும் மை பத்தாமல் பாதிதான் விழுந்திருந்தது.

"இது போதும்லக்கா?"

"போதாது. திரும்பப் போய் இன்னொரு தரம் குத்தச் சொல்லு."

"அந்த சார் எரிஞ்சு விழுவாருக்கா."

"விழட்டும். மை டப்பாவையும் நீயே வாங்கிட்டுப் போ."